பழைய மோட்டார் வண்டியில் றிலே: இனங்காணலும் மாற்றலும்

கல்லூரியின் பௌதிகவியல் ஆய்கூடத்திலே மின்மணி செய்து பாராத பழைய மாணவர் நம்முள் அரியர். மெல்லிரும்புத் துண்டொன்றின்மேற் காவலியிட்ட செப்புக் கம்பியைச் சுற்றி, அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தியவுடன் அவ்விரும்பு காந்தமாகி எதிரே நின்ற தகட்டை இழுத்ததும், ஓட்டத்தை நிறுத்தியவுடன் அத்தகடு வில்லினால் மீண்டதும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. பரீட்சைத் தாளில் அதன் படத்தை வரைந்து, உறுப்புக்களுக்குப் பெயரிட்டுப் புள்ளிகளும் பெற்றோம். அத்துடன் அதனை மறந்தோம். அம்மின்மணியின் உடன்பிறப்பொன்று பழைய மோட்டார் வண்டியின் முன்மூடியின் கீழே இருந்து ஓயாது உழைக்கின்றது என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவே றிலே எனப்படுவது.

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய வண்டிகளை இன்றும் காணலாம். மொறிஸ் மைனர் 1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்டது. பிரித்தானிய வண்டிகளுள்ளே பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டியதும் அதுவே. 1990களிலே வடபகுதியிற் பெற்றோல் கிடைத்தற்கரியதாகிய காலத்தில், சிறிதளவு பெற்றோலாலே தொடக்கப்பெற்று, பின் மண்ணெண்ணெயால் ஓடி நம்மவரைச் சுமந்தவை இத்தகைய வண்டிகளே. ஆதலால் இவற்றைப் பேணுவோர் இவற்றை வெறும் பொழுதுபோக்குப் பொருள்களாகக் கருதுவதில்லை; வீட்டாருள் ஒருவராகவே கருதுவர்.

இவ்வண்டிகளில் உள்ள றிலேக்களை இனங்காணும் வகையையும், சோதிக்கும் வகையையும், வேண்டியவிடத்து மாற்றும் வகையையும் ஈண்டு ஒழுங்காகக் கூறுவோம். இவற்றினூடே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: விசாரியாமற் குற்றஞ் சாட்டுதல் மனிதர் விடயத்தில் எவ்வளவு தவறோ, சோதியாமல் மாற்றுதல் கருவி விடயத்தில் அவ்வளவு தவறாம்.

ஓர் அநுபவம்

இதனை நாம் நூலிலே கற்கவில்லை; நட்டப்பட்டே கற்றோம். எம் தந்தையார் தம் ஆசிரியத் தொழிற் காலத்தில் வாங்கிய மொறிஸ் மைனர் வண்டி எம் வீட்டில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் அதற்குப் புதுவர்ணம் பூசுவித்தோம். வர்ணம் பூசி ஒரு திங்கள் கழிந்ததும், வண்டி ஓடும்போது அணையவேண்டிய சிவந்த எச்சரிக்கை விளக்கு அணையாது எரியத் தொடங்கிற்று. பற்றறிக்கு மின் ஏறவில்லை என்பது அதன் பொருள். வண்டியைத் திருத்தகம் ஒன்றிற்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தோர் வண்டியின் முன்மூடியைத் திறந்து ஒருமுறை நோக்கி, “கட்டுப்பாட்டுப் பெட்டி முடிந்துவிட்டது, மாற்றவேண்டும்” என்றனர். நாமும் மறுவார்த்தை பேசாது சம்மதித்தோம். பெருந்தொகை கொடுத்துப் புதுப்பெட்டி வருவித்துப் பூட்டினோம். விளக்கு முன்போலவே எரிந்தது. பின்னர்த் தைனமோவிலே பிழை என்றனர்.

அந்நிலையில் எம் தந்தையாரின் நண்பரான முதிய மின்வேலைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் கையில் இருந்தவை ஒரு வோற்றுமானியும், ஒரு திருகாணி செலுத்தியும், சிறு கத்தியொன்றுமே. இயந்திரத்தை ஓடவிட்டு, வோற்றுமானியின் ஒரு முனையைப் பற்றறியின் புவித்தொடுப்பு முனையிலும், மறுமுனையைப் பெட்டியின் ‘ஈ’ எனக் குறித்த முடிவிடத்திலும் வைத்தார். இரண்டும் புவித்தொடுப்பே ஆகலின் அங்கே பூச்சியமே காட்டுதல் வேண்டும். ஊசியோ பல வோற்றுக்கு ஏறி நின்றது. ‘ஈ’ யிலிருந்து சென்ற கறுப்புக் கம்பியைத் தொடர்ந்து பார்த்தபோது, அது வண்டியின் உடலோடு திருகப்பட்ட இடத்திலே புதுவர்ணம் படிந்திருந்தது. அவர் அதனைக் கத்தியாற் சுரண்டி, இரும்பு பளபளக்கச் செய்து, திருகாணியை இறுக்கினார். விளக்கு அணைந்தது. “மாஸ்ரர், பெட்டியிலே ஒரு பிழையுமில்லை; எர்த்துத்தான் பிழை” என்றார்.

தந்தையார் எம்மை நோக்கி, “தம்பி, பழைய பெட்டி எங்கே?” என்று மட்டும் கேட்டார். அது திருத்தகத்தின் கழிவுக் குவியலுக்குப் போய்விட்டது. மறுநாட் சென்று தேடினோம், கிடைக்கவில்லை. வண்டி தொழிற்சாலையில் இருந்து வந்த நாள் முதலாக அதனோடிருந்து பிழையின்றி உழைத்ததோர் உறுப்பு, நாம் ஒரு கேள்வி கேளாத காரணத்தாற் குப்பையாயிற்று. பௌதிகவியலிற் சித்தியெய்திய நாம் வாய்பொத்தி நின்றோம். அப்பெரியார் பயன்படுத்தியது நாம் மனனஞ் செய்திருந்த ஓமின் விதியையே.

றிலே என்பது யாது?

றிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஆளியாகும். 1825இல் இங்கிலாந்தினரான வில்லியம் ஸ்ரேர்ஜன் மின்காந்தத்தை ஆக்கினார். 1835இல் அமெரிக்க அறிஞரான ஜோசப் ஹென்றி, ஒரு சுற்றிலுள்ள மின்காந்தத்தைக் கொண்டு வேறொரு சுற்றைத் திறக்கவும் மூடவும் இயலும் என்பதைச் செய்து காட்டினார். தந்தி முறை வளர்ந்த காலத்தில் இவ்வுபாயம் பேருதவி புரிந்தது. நெடுந்தூரக் கம்பியிற் சென்று நலிந்துபோன மின்னோட்டம், இடையிலுள்ள ஒரு நிலையத்தின் மின்காந்தத்தை அசைக்கும். அது அந்நிலையத்துப் பற்றறியின் வலிய ஓட்டத்தைத் திறந்து மூடிச் செய்தியை மேலே அனுப்பும். நெடும்பயணத்தில் இளைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக்குதிரையைப் பூட்டும் பழைய வழக்கத்தின் பெயரே இக்கருவிக்கும் வழங்கலாயிற்று.

மாணவர்க்கு வேறோர் உவமை கூறுவோம். கல்லூரி விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் நடப்பதைக் கண்டிருக்கின்றீர்கள். இரண்டாம் வீரன் முதல் வீரனிடமிருந்து கோலை வாங்குகின்றானேயன்றி, அவனுடைய கால்வலிமையை வாங்குவதில்லை; தன் வலிமையாலேயே ஓடுகின்றான். றிலேயிலும் அவ்வாறே. சிற்றோட்டம் பேரோட்டமாக மாறுவதில்லை. சிற்றோட்டம் ஏவுகின்றது, பேரோட்டம் வேறு வழியால் வந்து வினை செய்கின்றது. ஆகவே றிலே ஒவ்வொன்றிலும் ஒன்றோடொன்று சம்பந்தப்படாத சுற்றுக்கள் இரண்டு உண்டு. சுருளினூடே செல்வதை ஏவற்சுற்று என்றும், தொடுகை முனைகளினூடே செல்வதை வினைச்சுற்று என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டையும் மனத்திற் பிரித்து வைத்துக்கொண்டவர்க்கு மேல்வருவன யாவும் எளிதாம்.

வண்டிக்கு அஃது ஏன் வேண்டும்?

வீட்டு மின்சாரம் 230 வோற்று. வண்டியின் பற்றறியோ 12 வோற்று. ஒரே வலுவைப் பெறுதற்குக் குறைந்த வோற்றில் மிகுந்த அம்பியர் வேண்டும். 42 வாற்று முன்விளக்குகள் இரண்டு எரியுமாயின் 84 வாற்று. அதனை 12ஆல் வகுக்க 7 அம்பியர் வரும். 60 வாற்றுக் குமிழ்கள் இரண்டைப் பூட்டினால் 10 அம்பியர். இயந்திரத்தைத் தொடக்கும் மோட்டாரோ நூற்றுக்கு மேற்பட்ட அம்பியரை இழுப்பது.

இவ்வளவு ஓட்டத்தையும் ஓட்டுநரின் கையருகே உள்ள சிற்றாளி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தால் நேர்வது யாது? பழைய கம்பி, தேய்ந்த ஆளி, துருவேறிய இணைப்பு ஆகியவற்றின் தடைகள் யாவும் சேர்ந்து 0.2 ஓம் என்று கொள்வோம். 7 அம்பியர் செல்லும்போது 7 × 0.2 = 1.4 வோற்று வழியிலேயே இழக்கப்படும். விளக்கிற்குக் கிடைப்பது 10.6 வோற்றே. இழை விளக்கின் ஒளியோ வோற்றளவு குறையும் வீதத்திலும் மிக வேகமாகக் குறைவது. இக்கணக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒளியே எஞ்சும். வழியில் இழந்த வலு வெறுமனே ஒழிவதில்லை. அது வெப்பமாகி ஆளியையும் காவலியையும் சுடும். விளக்கு மங்குவதும் ஆளி கருகுவதும் ஒரே நோயின் இரு குறிகளாம்.

றிலேயை இடையே வைத்தால், பற்றறியிலிருந்து விளக்கிற்குத் தடித்த குறுங்கம்பி நேரே செல்லும். ஓட்டுநரின் ஆளி சுருளை மட்டும் ஏவும். சுருளின் தடை 80 ஓம் ஆயின், அதனூடே செல்வது 0.15 அம்பியரே. ஆளிக்குச் சுமை ஒழிந்தது; விளக்கிற்கு ஒளி மிகுந்தது.

இனங்காணல்

பழைய பிரித்தானிய வண்டிகளின் மின்னுறுப்புக்களுட் பெரும்பாலன லூக்கஸ் என்னும் கம்பனியாரால் ஆக்கப்பட்டவை. அவற்றுள் மின்காந்தத்தால் இயங்குவனவற்றை நான்கு வகையாகக் காணலாம்.

முதலாவது, கட்டுப்பாட்டுப் பெட்டியுள் இருக்கும் துண்டிப்பான். மொறிஸ் மைனர் முதலிய வண்டிகளிற் காணப்படும் ஆர்.பி. 106 என்னும் பெட்டியின் மூடியைக் கழற்றினால் இரண்டு சுருள்கள் தோன்றும். ஒன்று தைனமோவின் அழுத்தத்தை அளவுபடுத்தும் சீராக்கி, மற்றையது துண்டிப்பான். இயந்திரம் நின்றிருக்கையிற் சீராக்கியின் தொடுகை முனைகள் பொருந்தியிருக்கும். துண்டிப்பானின் முனைகள் பிரிந்திருக்கும். இதுவே இரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு எளிய வழி. தைனமோவின் அழுத்தம் 12.7க்கும் 13.3க்கும் இடைப்பட்ட வோற்றளவை எட்டும்போது துண்டிப்பான் மூடிப் பற்றறிக்கு மின்னை ஏற்றும். இயந்திரம் மெதுவாகும்போது மின் பற்றறியிலிருந்து தைனமோவை நோக்கித் திரும்பும், அத்திரும்பிய ஓட்டம் தடித்த சுருளினூடே சென்று காந்தத்தை நலியச் செய்யும், முனைகள் பிரியும். வருவதை ஏற்று, போவதைத் தடுக்கும் வாயிற்காவலன் என்று இதனைக் கூறலாம்.

இக்காவலன் வாயிலை மூட மறந்தால் விளைவது பெருங்கேடு. முனைகள் ஒட்டிக்கொண்டு விடுமாயின், நின்ற வண்டியிலே பற்றறியின் முழுவலியும் தைனமோவிற் பாயும். பற்றறி வறிதாவது சிறுகேடு. கம்பிகள் சூடேறிக் காவலி எரிந்து வண்டியே தீப்பற்றுதல் பெருங்கேடு. அவ்வழியில் உருகி எதுவும் இல்லை என்பதை மறத்தலாகாது. ஆகவே பற்றறி தொடுத்திருக்கும்போது, ஆராய்ச்சி விருப்பினாலே இம்முனைகளை விரலால் அழுத்திப் பார்த்தல் ஒருபோதும் கூடாது.

இரண்டாவது, தொடக்கி மோட்டாருக்குரிய பெருந்தொடுகை ஆளி. இழுவைக் கம்பியால் மோட்டாரை இயக்கும் வண்டிகளில் இஃது இல்லை. திறவுகோலைத் திருப்பியோ பொத்தானை அழுத்தியோ தொடக்கும் வண்டிகளில் உண்டு. பற்றறியிலிருந்து வரும் மிகத் தடித்த கம்பியைத் தொடர்ந்து சென்றால் இதனைக் காணலாம்.

மூன்றாவது, ஊதுகுழலுக்குரிய றிலே. இரட்டை ஊதுகுழல் பூட்டிய வண்டிகளில் 6 ஆர்.ஏ. என்னும் சிறு பெட்டி இருக்கும். அதன் முடிவிடங்கள் நான்கு. டபிள்யூ 1, டபிள்யூ 2 என்பன சுருளுக்குரியன. சீ 1, சீ 2 என்பன தொடுகைக்குரியன. பிற்காலத்து றிலேக்களில் எழுத்துக்கு மாறாக எண்கள் வந்தன. 85, 86 என்பன சுருளின் இரு முனைகள். 30 என்பது பற்றறியிலிருந்து வருவது; 87 என்பது வினைசெய்யும் உறுப்பிற்குச் செல்வது. 87 ஏ என ஐந்தாவது ஒன்று இருக்குமாயின், அது சுருளுக்கு மின் இல்லாதபோது 30 உடன் பொருந்தியிருப்பது.

நான்காவது, திசைகாட்டும் விளக்கிற்கும் தடுப்பு விளக்கிற்கும் ஒரே குமிழைப் பயன்படுத்திய எம்.ஜி.ஏ., ஒஸ்ரின் ஹீலி முதலிய வண்டிகளிற் காணப்படும் டி.பி. 10 என்னும் எட்டு முடிவிட றிலே. இதனை, விளக்கை மின்னி மின்னி எரியச் செய்யும் சிறு உருளைக் குப்பியோடு மயங்குதலாகாது. அக்குப்பி சூடேறி நீளும் கம்பியால் இயங்குவது. இவ்வகை றிலேக்களுக்குக் கூறும் சோதனை அதற்குப் பொருந்தாது.

பெயரும் எழுத்தும் அழிந்த பெட்டியொன்று கையிற் கிடைத்தால் ஓம்மானி வழிகாட்டும். நான்கு முடிவிடங்களை இவ்விரண்டாக அளந்து பார்க்க. பல பத்து ஓம் காட்டும் இணை சுருளாகும். ஒன்றுமே செல்லாத மற்றையிணை தொடுகையாகும். சுருளுக்கு 12 வோற்றுக் கொடுத்தவுடன் ‘டிக்’ என ஒலித்து, தொடுகையிணை பூச்சியம் காட்டுமாயின் உமது முடிவு சரியானதே.

கம்பிகளின் நிறங்களும் உதவி புரிவன. அக்காலத்து லூக்கஸ் முறையிற் கபிலம் பற்றறியிலிருந்து உருகியின்றி வருவது, வெள்ளை எரிபற்று ஆளிக்குப் பின் வருவது, பச்சை அதன்பின் உருகி வழியாக வருவது, நீலம் முன்விளக்குக்குரியது, சிவப்பு ஓர விளக்குக்கும் பின்விளக்குக்கும் உரியது, கறுப்புப் புவித்தொடுப்பு. எனினும் பல கைகள் பட்ட பழைய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பாது வோற்றுமானியையும் கேட்டறிக.

சோதனை

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டுமென்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்த முறை. வண்டிக்கும் அதுவே முறையாம்.

ஊதுகுழல் ஒலிக்கவில்லை என்று கொள்வோம். ஒருவரைப் பொத்தானை அழுத்தச் செய்து, றிலேயின்மேல் விரலை வைத்துக் கேட்க. ‘டிக்’ என்னும் அசைவு தோன்றுமாயின் ஏவற்சுற்று நன்று. பிழை வினைச்சுற்றிலே உளது. அசைவு தோன்றாதாயின் ஏவற்சுற்றை ஆராய்க. இவ்வொரு கேள்வியால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைகின்றது.

அசைவு தோன்றாதபோது, பொத்தானை அழுத்திய நிலையிற் சுருளின் இரு முடிவிடங்களுக்கும் குறுக்கே வோற்றுமானியை வைக்க. 12 வோற்று அளவிற் காட்டியும் றிலே அசையாதாயின் குற்றம் றிலேயினதே. ஒன்றும் காட்டாதாயின் றிலே குற்றமற்றது. கம்பியையோ பொத்தானையோ புவித்தொடுப்பையோ தேடுக. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல வண்டிகளில் ஊதுகுழற் பொத்தான் செய்வது சுருளின் ஒரு முனையைப் புவியோடு தொடுப்பதே. மறுமுனையில் எப்போதும் மின் இருக்கும். ஆகவே சுருளின் ஒரு முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் 12 வோற்று இருப்பதைக் கண்டு, சுருளுக்கு மின் வருகின்றது என்று துணிதல் பிழை. சுருளுக்குக் குறுக்கே அளத்தலே சரியான அளவை.

அசைவு தோன்றியபோது, தொடுகையின் இரு முடிவிடங்களுக்கும் குறுக்கே அளக்க. முனைகள் நன்கு பொருந்தி ஓட்டம் செல்லுமாயின், வோற்றுமானி பூச்சியத்தை அடுத்தே நிற்கும். முழு 12 வோற்றும் காட்டுமாயின் முனைகள் பொருந்தவில்லை. ஒரு வோற்று, ஒன்றரை வோற்று எனக் காட்டுமாயின் முனைகள் கருகியுள்ளன. பூச்சியம் காட்டியும் ஊதுகுழல் ஒலிக்கவில்லையாயின், றிலேக்கு மின் வந்து சேர்கின்றதா என்று பார்த்துப் பின் ஊதுகுழலையும் அதன் புவித்தொடுப்பையும் ஆராய்க.

கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சந்தேகிக்குமுன் இரண்டு சோதனைகள் செய்தல் வேண்டும். முதலாவது, முன்னர்க் கூறிய ‘ஈ’ முடிவிடச் சோதனை. துண்டிப்பானின் மெல்லிய சுருள் தைனமோவின் ‘டீ’ முடிவிடத்துக்கும் ‘ஈ’ க்கும் இடையே உள்ளது. ‘ஈ’ புவியோடு நன்கு தொடாதாயின் அச்சுருளிற் போதிய ஓட்டம் இல்லை, காந்தம் இல்லை, துண்டிப்பான் மூடுவதும் இல்லை. எம் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. இரண்டாவது, தைனமோச் சோதனை. தைனமோவிலுள்ள ‘டீ’, ‘எப்’ என்னும் இரண்டு கம்பிகளையும் கழற்றி, அவ்விரு முடிவிடங்களையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அவற்றுக்கும் தைனமோவின் உடலுக்கும் இடையே வோற்றுமானியை வைத்து, இயந்திரத்தின் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுக. அழுத்தம் விரைந்து ஏறுமாயின் தைனமோ நன்று. 20 வோற்றை எட்ட விடாது உடனே வேகத்தைக் குறைத்துவிடுக.

முனைகள் கருகியிருந்தால் மாற்றுமுன் துப்புரவு செய்து பார்க்கலாம். இதற்கு முதலிற் பற்றறியைக் கழற்றுக. சீராக்கியின் கடிய முனைகளுக்கு நுண்ணிய சாணைக்கல் தகும். துண்டிப்பானின் மெல்லிய முனைகளுக்கு நுண்ணிய கண்ணாடித் தாளையே பயன்படுத்துக. சாணைக்கல்லும் எமரித் துணியும் அவற்றுக்கு ஆகா. பின்னர் மெதைல் சேர்ந்த மதுசாரம் தோய்த்த துணியால் தூசியைத் துடைத்துவிடுக. செம்மைப்படுத்தும் திருகாணிகளை வோற்றுமானியின்றித் திருப்புதல் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுதல் போன்றது.

மாற்றல்

சோதனையின் முடிவிலே றிலே குற்றவாளி என்று துணியப்பட்டால், மாற்றுதலிற் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க.

முதலிற் பற்றறியின் புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றுக. புவித்தொடுப்பு எப்போதும் எதிர்முனையே என்று எண்ணற்க. 1960களின் நடுப்பகுதி வரை ஆக்கப்பட்ட பெரும்பாலான பிரித்தானிய வண்டிகளில் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் உரிமையாளர் சிலர் அதனை மாற்றியும் உள்ளனர். ஆதலாற் பற்றறியைக் கண்ணாற் பார்த்தே முடிவு செய்க.

இரண்டாவதாக, கம்பிகளைக் கழற்றுமுன் ஒரு தாளிலே படம் வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டுக் கட்டுக. ஆய்கூடத்திற் கற்ற படம் வரையும் பழக்கம் இங்கே பயன்படும்.

மூன்றாவதாக, புதிய றிலே 12 வோற்றுக்கு உரியதா, அதன் தொடுகை வேண்டிய அம்பியரைத் தாங்குமா என்பவற்றைப் பார்க்க. விளக்கிற்கும் ஊதுகுழலுக்கும் 30 அம்பியர் றிலே போதும். டபிள்யூ 1, டபிள்யூ 2 கம்பிகளை 85, 86 இலும், சீ 1, சீ 2 கம்பிகளை 30, 87 இலும் தொடுக்க.

நான்காவது, மிக முக்கியமானது. இக்காலத்து றிலேக்கள் சிலவற்றிற் சுருளுக்குக் குறுக்கே இருவாயி ஒன்று உண்டு. சுருளின் ஓட்டம் நிற்கும்போது தோன்றும் எதிர்மின்னியக்க விசை நுண்ணிய இலத்திரன் உறுப்புக்களைச் சிதைக்காதிருத்தற்கு அதனை வைத்தனர். இருவாயி ஒரு திசையில் மட்டுமே மின்னை விடுவது. அத்தகைய றிலேயில் 86 நேர்முனைப் பக்கத்திலும், 85 எதிர்முனைப் பக்கத்திலும் இருத்தல் வேண்டும். நேர்முனை உடலோடு தொடுத்த வண்டியிலே உடலே நேர்முனை. ஆகவே புவிக்குச் செல்லும் கம்பி 86 இலும், மற்றையது 85 இலும் வருதல் வேண்டும். மாறித் தொடுத்தால், ஆளியை மூடிய கணத்தே இருவாயி குறுஞ்சுற்றாகி எரியும். சில வேளை ஆளியையும் உடன் அழிக்கும். றிலேயின் மூடியில் உள்ள சிறுபடத்தை நோக்கினால் இருவாயி உண்டா இல்லையா என்பது புலனாகும். பழைய வண்டிக்கு அஃது இல்லாத றிலேயைத் தேர்தலே நலம்.

ஐந்தாவதாக, முன்விளக்கிற்குப் புதிதாக றிலே பூட்டுவோர், தூர ஒளிக்கு ஒன்றும் தாழ் ஒளிக்கு ஒன்றுமாக இரண்டு பூட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உருகி வைக்க. ஒன்றில் உருகி போனாலும் மற்றையது வழிகாட்டும். இரவில் வளைவொன்றில் இரண்டு விளக்குகளும் ஒருங்கே அணைதல் உயிருக்கே இடர். உருகியைப் பற்றறிக்கு அண்மையில் வைத்தலே முறை. உருகிக்கும் பற்றறிக்கும் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை.

இறுதியாக, றிலேயைப் புகைபோக்கியின் வெப்பமும் மழைநீரும் அணுகாத இடத்தில், முடிவிடங்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டுக. நாற்புறமும் கடல் சூழ்ந்த எமது தீவிற் காற்றிலே உப்பு உண்டு. உப்பு முடிவிடங்களை அரிக்கும். புவித்தொடுப்பு இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி இரும்பைத் துலக்கி, கம்பியை இறுக்கிய பின் சிறிது கிறீஸ் பூசுக. பழைய பெட்டியை எறிந்துவிடற்க. அதன் உள்ளுறுப்பு அழிந்தாலும், மூடியும் அடித்தட்டும் பயன்படும். அவற்றினுள்ளே புதிய றிலேயை அடக்கி வண்டியின் பழந்தோற்றத்தைக் காப்போரும் உளர்.

முடிவுரை

றிலேயைப் பற்றி நாம் கூறியவை மாணவர் கற்கும் பாடத்துக்குப் புறம்பானவை அல்ல. மின்காந்தமும் ஓமின் விதியும் அல்லாத வேறொரு தத்துவம் இதில் இல்லை. ஆயினும் பாடத்தைப் படித்தவரான நாம் பெட்டியை மாற்றினோம். பாடசாலையில் அதிகம் படியாத முதியவர் கேள்வி கேட்டார். படிப்பு அவரிடத்தே கையில் இருந்தது. எம்மிடத்தே தாளில் இருந்தது. அப்பெரியாரின் பழைய வோற்றுமானி போன்றதொன்றை அதன்பின் நாமும் வாங்கி வண்டியிலே வைத்திருக்கின்றோம். புவித்தொடுப்பைப் பாராமல் எந்த உறுப்பையும் கழற்றுவதில்லை.

ஆய்கூடத்து மேசையில் இன்று மின்மணியின் முன் நிற்கும் தம்பிமாருக்கு நாம் கூறுவது இதுவே: அதன் படத்தை வரைந்து புள்ளி பெறுக, அத்துடன் நில்லாது, வீடு சென்று தந்தையாரின் வண்டியின் முன்மூடியைத் திறந்து, அதே மின்காந்தம் எங்கே இருக்கின்றது என்று தேடிக் காண்க. பழைய மாணவர்களாகிய நம் நண்பர்களுக்குக் கூறுவதும் ஒன்றுண்டு: திருத்தகத்தார் ஓர் உறுப்பை மாற்றவேண்டும் என்று கூறும்போது, “சோதித்தீர்களா?” என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் மாற்றினாலும், பழையதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என்றாவது ஒருநாள் தந்தையார் அதனைக் கேட்கக்கூடும்.